தாய் வளவும் மகள் மனையும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய முஸ்லிம் ஊர்களின் குடியிருப்பு அமைப்பை அறிய முற்படுவோர், தெருவை வகுத்தவர் யார் என்று கேட்பதைவிட, வீடு யாருக்கு உரியது என்று கேட்பதே பொருந்தும். அங்கே வீடு மகளுக்கு உரியது.

மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வந்து குடியேறுகிறான். தாம் வாழ்ந்த வீட்டையே மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அடுத்த காணியிலோ மற்றொரு வீடு எழுப்பி இளைய மக்களோடு அங்கே பெயர்கின்றனர் பெற்றோர். அடுத்தவளுக்கும் மணமானால் மீண்டும் அவ்வாறே. இரண்டு தலைமுறைக்குள் பாட்டியும் தாயும் சிற்றன்னையரும் பேத்தியரும் கூப்பிடு தூரத்தில் வாழும் வீட்டுக்கூட்டம் உருவாகிவிடுகிறது. பேறுகாலப் பணிவிடைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. எந்த நகர வரைபடமும் இதனைத் திட்டமிடவில்லை. 'குடி' எனும் வமிசமும் தாய்வழியே தொடர்வது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் அமர்வதும் அதன் அடிப்படையிலேயே. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண்வீடு புகும் வழக்கம் இருப்பதால், இது நமக்கு அயலான செய்தி அன்று.

இதனைக் குறையற்ற ஏற்பாடு என நாம் கூற வரவில்லை. மஹர் கொடுக்கும் கடமை ஆணுக்குரியதாயிருக்க, மகளுக்கு வீடு கட்டும் பொருட்டு வளைகுடா நாடுகளில் பணிப்பெண்களாக உழைத்த தாய்மார் பலர். ஆலிம்களின் கண்டனம் நியாயமானதே. ஆயினும் சீதனத்தைக் கண்டிப்பது வேறு. அதனால் விளைந்த அண்மையைக் குலைப்பது வேறு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன்பின் அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டர் வரை மீள்கட்டுமானத்தைத் தடைசெய்தது. மீள்குடியேற்றத்தில் 'ஒரு குடும்பத்திற்கு ஒரு வீடு' எனக் கணக்கிட்டனர்; குடும்பத் தலைவர் என்று பதியப்பட்டவர் பெரும்பாலும் கணவர். மனைவிக்கு அவள் தாய் தந்த நிலத்திற்கு ஈடான வீடு கணவன் பெயருக்கு மாறும் நிலை இவ்வாறு எழுந்தது. அரசு நிலத்தைப் பொறுத்தவரை, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் 2022இல் திருத்தப்படும் வரை வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கே முன்னுரிமை அளித்தது. அடுக்குமாடியில் இடம் பெற்றவர்க்கோ வேறொரு இடர்: இளைய மகளுக்கென அருகில் ஒரு வீடு எழுப்ப அங்கே நிலம் ஏது?

தடைவலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. கிடைத்த புதுவீட்டை மகளின் சீதனத்திற்கென ஒதுக்கி வைத்துவிட்டுப் பழைய வளவுக்கே திரும்ப எண்ணிய பெற்றோரும் இருந்தனர்.