சுக்கான் முறிந்த கப்பல்



விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு குவளை தேத்தண்ணீர் குடிப்பது நம் தோட்ட மக்களின் பழக்கம். தேயிலைக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளியின் வியர்வை இருப்பதை நாம் அறிவோம். அதைக் கடல் கடந்து சுமந்து சென்றவர்களின் உழைப்பை நாம் அவ்வளவாக அறியோம். அப்படிப்பட்ட ஒரு கடற்பயணத்தின் வரலாற்றை இன்று காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தேயிலைக்கு இங்கிலாந்தில் பெரும் கிராக்கி இருந்தது. புதுப் பருவத் தேயிலையை முதலில் இலண்டனில் இறக்கும் கப்பலுக்கு நல்ல விலையும் பெரும் பெயரும் கிடைத்தன. ஆகவே முதலாளிகள் விரைந்தோடும் பாய்க்கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றுள் ஒன்றுதான் 'கட்டி சார்க்'. இரும்புச் சட்டங்களின் மேல் மரப்பலகைகளைப் பொருத்திக் கட்டிய இக்கப்பல், 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் நீரில் இறக்கப்பட்டது. உரிமையாளர் ஜான் வில்லிஸ்.

1872ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், கட்டி சார்க் சுமார் 13 லட்சம் இராத்தல் தேயிலையுடன் ஷாங்காய் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதே வேளையில் 'தெர்மோபைலே' என்னும் போட்டிக் கப்பலும் கிளம்பியது. இரண்டும் தென்சீனக் கடலைக் கடந்து, நமக்குத் தெற்கே ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள சுண்டா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலில் நுழைந்தன. அங்கே நல்ல காற்றுப் பிடித்துக் கட்டி சார்க் ஏறக்குறைய 400 மைல் முன்னேறிவிட்டது. வெற்றி உறுதி என்றே தோன்றியது.

ஆகஸ்ட் 15ஆம் நாள், தென்னாப்பிரிக்காவை நெருங்கும் வேளையில் கடும்புயல் அடித்தது. பேரலைகளின் தாக்குதலில் கப்பலின் சுக்கான் முறிந்து கடலோடு போய்விட்டது.

சுக்கான் என்பது என்ன? கப்பலின் பின்புறத்தில் நீருக்குள் தொங்கும் அகன்ற பலகை அது. கதவு கீலில் திரும்புவதுபோல் அது பின்தூணில் திரும்பும். தளத்தில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் சுக்கான் ஒரு பக்கம் சாயும்; ஓடும் நீர் அதில் மோதிக் கப்பலின் பின்புறத்தைத் தள்ளும்; முகப்பு வேண்டிய திசைக்குத் திரும்பும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, கப்பலுக்குச் சுக்கான் அப்படி. அது போனால் கப்பல் காற்றின் கையில் அகப்பட்ட சருகுதான்.

உரிமையாளரின் சகோதரர் ராபர்ட் வில்லிஸ் கப்பலில் இருந்தார். அருகிலுள்ள துறைமுகத்திற்குப் போயே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கப்பல் தலைவர் ஜார்ஜ் மூடி இணங்கவில்லை. நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்வோம் என்றார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. முதலாளியின் சகோதரர் சொல்வதை மீறியவருக்கு வேலை போகலாம். மீறி நடந்து சுக்கான் செய்ய முடியாமல் போனால் உயிரே போகலாம். ஆனாலும் மூடி தம் ஆட்களின் கைத்திறனை நம்பினார்.

அந்தப் பொறுப்பு தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் தலையில் விழுந்தது. கப்பலில் உபரியாக வைத்திருந்த மரத்தை அறுத்தார்கள். கிடைத்த இரும்பையெல்லாம் காய்ச்சி ஆணிகளாகவும் பட்டைகளாகவும் அடித்தார்கள். தளமோ தொட்டிலாக ஆடியது. ஒரு முறை உலை கவிழ்ந்து, துருத்தி ஊதிக்கொண்டிருந்த கப்பல் தலைவரின் மகன் மேல் தணல் கொட்டிச் சுட்டுவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய கீல்கள் நீருக்கடியில் இருந்தன. கொந்தளிக்கும் கடலில் அங்கே புதுச் சுக்கானை மாட்ட முடியாது. ஆகவே புதுத் தூண் ஒன்றைச் செய்து, சுக்கானை மேலேயே அதில் பொருத்தி, இரண்டையும் சேர்த்துக் கடலில் இறக்கிச் சங்கிலிகளால் கப்பலோடு இறுக்கிக் கட்டினார்கள். ஆறு நாளில் வேலை முடிந்தது. பின்னர் அதன் பிடிப்புகள் அறுந்தபோதும் மேலே தூக்கிச் செப்பனிட்டு மறுபடி பொருத்தினார்கள்.

தெர்மோபைலே அக்டோபர் 11ஆம் நாள் இங்கிலாந்தை அடைந்தது. கட்டி சார்க் ஒரு வாரம் கழித்து, 18ஆம் நாள், 122 நாள் பயணத்திற்குப் பின் கரை சேர்ந்தது. பந்தயத்தில் தோல்விதான். ஆனால் தேயிலையும் கப்பலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஊர் மக்கள் வென்ற கப்பலைவிட இதனையே வியந்து பேசினார்கள். மனம் புண்பட்டிருந்த மூடி, அக்கப்பலின் பொறுப்பை விட்டு விலகினார்.

1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழியைத் தந்தது. தேயிலை வணிகம் பாய்க்கப்பல்களின் கையைவிட்டு மெல்லப் போயிற்று. கட்டி சார்க் மட்டும் இலண்டன் கிரீனிச்சில் 1957ஆம் ஆண்டு முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2007இல் தீ விபத்தில் சேதமுற்றது. செப்பனிடப்பட்டு 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நேயர்களே, கப்பலின் உரிமைப் பத்திரத்தில் முதலாளியின் பெயர் இருந்தது. ஆனால் ஆபத்து வந்த அன்று அதைக் கரை சேர்த்தது ஒரு தச்சரின் உளியும், உலையருகே நின்றவர்களின் உழைப்பும். பிள்ளைகளுக்குப் படிப்போடு ஒரு தொழிலையும் கற்றுக்கொடுப்போம். நல்ல காற்று வீசும் நாளில் அதன் அருமை தெரியாது; சுக்கான் முறியும் நாளில் தெரியும்.