பெயரில் கனடா இருந்தால் போதுமா?

வான்கூவரில் இருக்கும் என் பேத்தி போன மே மாதம் ஒரு படம் அனுப்பினாள். மலைப்பாதை ஓரத்தில் தலைகீழாகத் தொங்கும் சிவப்புப் பூ. உள்ளே மஞ்சள், மேலே நீண்ட ஐந்து குழல்கள். "தாத்தா, இது என்ன பூ? உள்ளூர்க் காட்டுப்பூ ஒன்றைப் பற்றி ஸ்கூலில் எழுதச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இந்தப் பூ இனத்துக்குப் பிரெஞ்சில் 'அன்கோலி' என்று பெயர். 'மெலான்கோலி'யோடு இயைவதால் கவிஞர்கள் அதைச் சோகப் பூவாக்கிவிட்டார்கள். சிவப்பு நிறம், கனடா நாடு. யோசிக்காமல் 'அன்கோலி து கனடா' என்று பதில் போட்டேன். அவளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். 1635இல் பாரிஸ் மருத்துவர் ழாக் பிலிப் கொர்நுய் கனடாச் செடிகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவர் கனடாவுக்குப் போனதே இல்லை. பாரிஸில் ரொபேன் குடும்பத்தார் பராமரித்த தோட்டம் போன்ற இடங்களில் வளர்ந்த செடிகளைப் பார்த்து எழுதியவர். இந்தச் சிவப்பு அன்கோலியும் அதில் உண்டு. 1753இல், இங்கே துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில், லின்னேயஸ் இதற்கு 'அக்விலீஜியா கனடென்சிஸ்' என்று பெயரிட்டார்.

அன்று கனடா என்றால் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டிய பிரெஞ்சுக் குடியேற்றம். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர்ந்தது 1871இல்தான். நாட்டின் எல்லை மேற்குக் கடல்வரை போனது. கிழக்கத்திச் செடி கிழக்கிலேயே நின்றுவிட்டது.

மேற்கில் தானாக வளர்வது 'அக்விலீஜியா ஃபோர்மோசா'. தெ கந்தோல் என்ற தாவரவியலாளரின் நூலில் 1824இல் பதிவானது. இரண்டும் சிவப்பும் மஞ்சளும்தான், ஹம்மிங்பேர்டு தேடி வருவதும் இரண்டையும்தான். மேற்கத்திப் பூவில் வெளிச் சிவப்பிதழ்கள் நன்றாக விரிந்து நிற்கும். உள்ளே மஞ்சள் இதழ் குட்டையாக இருக்கும். கிழக்கத்திப் பூவில் வெளியிதழ்கள் அவ்வளவு விரியாது. மஞ்சள் பாகம் சற்று நீளம். பேத்தியின் படத்தில் இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்திருந்தன.

ஃபைலின் மேலட்டையில் எழுதியிருப்பதை நம்பாதே, உள்ளே பார் என்று ஆபீசில் இளையவர்களுக்கு ஓயாமல் சொன்னவன் நான். வெட்கத்தோடு பேத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாளே டீச்சரிடம் போய்த் திருத்திக் கொடுத்தாளாம்.

போன வாரம் இன்னொரு பூவின் படம் வந்தது. கூடவே ஒரு வரி: "தாத்தா, அவசரமில்லை. நாளைக்குச் சொன்னால் போதும்."