முத்துப் பார் – 9: நவம்பரில் வெறிச்சோடிய பார்

சென்ற வாரம் டொக்டர் கெலார்ட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். 1860 ஆகஸ்டில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில், அந்தப் பயணத்திலேயே அவர் காலமானார். இலங்கையில் பிறந்த அந்த வைத்தியரை 1857இல் அரசு முத்துச் சிப்பி ஆராய்ச்சிக்கு அமர்த்தியிருந்தது. அவர் விட்டுச்சென்றது ஒரே ஒரு பெரிய சேதி. சிப்பி, தன்னைப் பாறையோடு கட்டியிருக்கும் நாரைத் தானே அறுத்துக்கொண்டு நகரும். போன இடத்தில் புது நார் விட்டு ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் சிப்பி மண்டிக் கிடக்கும் கடலடித் திட்டான பாரிலிருந்து வெறும் பாருக்கு அதைக் குடியேற்றலாம் அல்லவா?

குடியேற்ற ஆள் இல்லை. யோசனை நாற்பது ஆண்டுகள் கச்சேரி அலுமாரியில் கிடந்தது. 1891க்குப் பிறகு சலாபம் எனும் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆண்டுதோறும் பார் பார்க்கப் போன தோணிகள் வெறுங்கையோடு திரும்பின. கஜானா இளைக்கத் தொடங்கிய பிறகுதான் அரசுக்கு விஞ்ஞானத்தின் ஞாபகம் வந்தது. எந்த அரசுக்கும் அப்போதுதானே வரும்!

1902 ஜனவரியில் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்திறங்கினார். கூடவே உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னல். ‘லேடி ஹவலொக்’ என்ற நீராவிக் கப்பல் அவர்களை மன்னார் வளைகுடாவுக்கு ஏற்றிவந்தது.

கற்பிட்டி வாசகர்களுக்கு இடம் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கற்பிட்டிக்கு வடக்கே டச்சு வளைகுடா, அதையடுத்து காரைத்தீவு. அங்கிருந்து குதிரைமலை, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வரை கரைக்கு அப்பால் கடலடியில் பார்கள் சிதறிக் கிடக்கின்றன. காரைத்தீவுப் பார், முத்துவரட்டுப் பார், மோதரகம் பார், சேவல் பார். இவை எல்லாவற்றுக்கும் வெளியே, ஆழ்கடலின் விளிம்பில், ஏறக்குறைய 11 கடல்மைல் நீளத்துக்குப் பெரிய பார்.

மார்ச் மாதம் பெரிய பாரில் கல் கட்டி இறங்கிய குளியாட்கள் கூடை கூடையாக மேலே அனுப்பினார்கள். அத்தனையும் குஞ்சு. பச்சை நாரால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரு கல்லைத் தூக்கினால் கொத்தாகத் தொங்கின. எண்ணிக்கை கோடிகளைத் தாண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நாலைந்து ஆண்டு பொறுத்தால் சலாபம்தான்!

ஹேர்ட்மன் ஊர் திரும்பினார். ஹோர்னல் தங்கிவிட்டார். கச்சான் என்ற தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்தது. நவம்பரில் அவர் மறுபடி பெரிய பாருக்குப் போனார். குளியாள் இறங்கினான், ஏறினான். கூடையில் மணலும் கல்லுந்தான்.

திருடர் யாரும் வரவில்லை. அந்தப் பாருக்கு வெளிப்புறம் கடல் செங்குத்தாக இறங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பும் அலையும் நீவாடு எனும் நீரோட்டமும் குஞ்சுகளைப் பெயர்த்துப் பாதாளத்துக்கு உருட்டிவிடுகின்றன, மிச்சத்தை மணல் மூடுகிறது. பழைய பதிவுகளைப் புரட்டியபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. 1880க்குப் பிறகு பெரிய பாரில் பதினொரு தடவை குஞ்சு நிறைந்திருக்கிறது. ஒரு தடவைகூட அது சலாபமாகத் தேறவில்லை.

அங்கே குளித்தவர்கள் அதைத் தாய்ப்பார் என்றார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுகளே உள்பார்களுக்குக் குடிபோகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஓடு கட்டிய குஞ்சு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இளம் பருவத்தில் சிப்பி நீரில் மிதந்து அலையத்தான் செய்கிறது. குளியாட்களை அறியாதவர்கள் என்று எழுதிய துரைமார் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானித்துப் படித்திருக்கலாம்.

ஹேர்ட்மன் சொன்ன மருந்து கெலார்ட்டின் பழைய மருந்தேதான். கச்சானுக்கு முன்பே பெரிய பாரின் குஞ்சுகளை வாரி, சேவல் பார் போன்ற பத்திரமான உள்பார்களில் விதைக்க வேண்டும்; மணற்பாங்கான இடங்களில் கல்லும் ஓடும் கொட்டி, ஒட்டிக்கொள்ளத் தரை அமைத்துக் கொடுக்க வேண்டும். சிப்பியைத் தின்னும் கிளாத்தியையும் திருக்கையையும் ஒழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சிப்பிக்குள் புகும் ஒரு புழுவின் குஞ்சைச் சுற்றித்தான் நல்முத்து விளைகிறது என்றும், அந்தப் புழு இந்த மீன்களின் வயிற்றில்தான் வளர்ந்து முடிகிறது என்றும் அவர் நம்பினார். மீனை ஒழித்தால் சிப்பி மிஞ்சும், முத்து மிஞ்சாது! அந்தப் புழுக் கொள்கையைப் பின்வந்தவர்கள் முழுதாக ஏற்கவில்லை என்பது வேறு கதை.

இதற்கிடையில் கடல் தானாகவே கொடுக்க ஆரம்பித்தது. 1903இல் சலாபம். 1904இல் மறுபடி. 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வரவு. குளியாட்களுக்கு வழக்கம்போல் மூன்றில் ஒரு பங்கு. விஞ்ஞானம் வென்றது என்று பேச்சு கிளம்பியது.

வென்றதா? சலாபத்துக்குத் தேறும் சிப்பிக்கு வயது நாலு, ஐந்து. 1903இல் அள்ளியவை ஹேர்ட்மன் இலங்கையில் கால் வைக்கும் முன்பே பாரில் இருந்தவை. 1905இல் அள்ளியவையும் பெரும்பாலும் அப்படித்தான். பேராசிரியர் பார்த்தார், எழுதினார்; விளைவித்தது கடல். இந்தச் சின்னக் கணக்கை இலண்டனில் பணம் போட வந்தவர்கள் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என் துணிபு.

1906இல் பார்கள் அனைத்தும் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி கைக்குப் போயின. குத்தகை 20 ஆண்டு, ஆண்டு வாடகை 3,10,000 ரூபா. சிப்பி பெருக்கவும் ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆண்டு மறிச்சுக்கட்டி மணலில் பந்தல் நகரம் எழுந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து லெனாட் வுல்ஃப் என்ற இளம் அதிகாரியும் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார்.

இருபது ஆண்டுக்கு வாடகை கட்டச் சம்மதித்த கம்பனிக்குக் கடல் எத்தனை சலாபம் கொடுத்தது? அடுத்த வாரம் வுல்ஃபோடு கோட்டுக்குள் நுழைகிறோம். சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிக்கும் அடைப்பு அது; பக்கத்திலேயே இலட்சக்கணக்கான சிப்பி வெயிலில் அழுகும். மூக்கைப் பொத்த ஒரு துணியோடு வாருங்கள்.