சலாபம் முதல் நுரைச்சோலை வரை

திறமை கடல் கடந்து வருவது புத்தளக் கரைக்குப் புதிதன்று. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ என்னும் பட்டினம் இப்புத்தளமே என்பர் வரலாற்றாசிரியர். மாலைதீவில் நீதிபதியாகப் பணியாற்றிய அந்த மொரோக்கோ அறிஞரை ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்று, பல்லக்கும் வழித்துணையும் அளித்துப் பாவாத மலைக்கு அனுப்பிவைத்தான். அன்று மன்னன் சொல்லே அனுமதிப் பத்திரம்.

கல்விமானுக்குக் கிடைத்த அந்த மரியாதை கைத்திறனோடு வந்த உழைப்பாளிக்குக் கிடைத்ததா?

முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது தமிழ் வழக்கு. 1905ஆம் ஆண்டு, புத்தளத்துக்கு வடக்கே மறிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்துக்குத் தமிழகக் கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான மூழ்காளர் வந்தனர். கல்லின் பாரத்தால் ஆழத்துக்கு இறங்கி, ஒரு மூச்சு அடங்குமுன் சிப்பி அள்ளி மீள்வது எளிய வித்தையா? ஆயினும் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்கு. எஞ்சிய இரு பங்கும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு. மறு ஆண்டே முத்துப்பார்கள் இலண்டன் கம்பெனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அற்றது; கம்பெனியும் கலைந்தது. மூழ்காளரை எவரும் ‘நிபுணர்’ என்று அழைக்கவில்லை.

சுதந்திர இலங்கை, 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தால் தன் வாயிலுக்குக் கதவிட்டது. வேலை செய்ய வரும் அந்நியருக்கு வீசா அவசியமாயிற்று. 2006இல் நுரைச்சோலையில் அனல் மின்நிலைய வேலை தொடங்கியபோது சீனக் கடனோடு சீனப் பொறியியலாளரும் வந்தனர். 2011இல் முதல் இயந்திரம் இயங்கியது. 2014இல் மூன்றாகி, மொத்தம் 900 மெகாவாட் ஆயிற்று. அதன் பின்னரும் பராமரிப்புக்குச் சீன நிபுணரின் துணை வேண்டியிருந்தது.

வந்தவர்மீது நமக்குப் பகையில்லை, அவர்களும் உழைப்பவரே. ஆனால் இக்கரை மக்கள் வெளியே செல்லும் வழியையும் நாம் பார்க்க வேண்டும். வென்னப்புவைப் பகுதியார் இத்தாலிக்குச் சென்று பிறர் வீடுகளைத் துப்புரவு செய்கின்றனர். புத்தளத்துப் பெண்கள் வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாகின்றனர். அங்கே அவர்களது வீசா எசமானின் கையில். சமையலும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் திறமையல்லவாம்!

ஆக, திறமை எது என்பதை வேலையின் அருமை தீர்மானிப்பதில்லை. கூலி கொடுப்பவனின் தேவையே தீர்மானிக்கிறது. இந்த அளவுகோலை நாம் ஏற்கலாகாது. நிபுணருக்கு வீசா வழங்குவோம். அவர் திரும்பிச் செல்லுமுன் தம் வித்தையை நம் இளைஞருக்குக் கற்பிக்க வேண்டுமென்றும் கேட்போம். கடல் கடந்து செல்லும் நம் பெண்ணுக்கும் அதே மரியாதையைக் கோருவோம். எந்தத் தொழிலாளியும் எசமானின் வீசாவுக்குள் சிறைப்படாதிருப்பதே நீதி.