படர்தாமரையும் சீமையகத்தியும்

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியையும் கூலியையும் மலேரியாக் காய்ச்சலையும் எழுதுவர். படர்தாமரையை எழுதுவார் அரியர். 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற ரப்பர் நாற்றுகளின் வழிவந்த தொழிலை நம்பிப் பின்னாளில் ஆயிரமாயிரம் தமிழர் இங்கு வந்தனர். விடியுமுன் பனிப்புல்லில் நடந்து, வியர்வையில் ஊறிய ஆடையோடு உழைத்தவர்தம் அரையிலும் தொடையிலும் இந்நோய் படர்ந்ததில் வியப்பில்லை. உயிரைக் குடிக்கும் நோயன்று. உறக்கத்தைக் குடிக்கும் நோய்.

லயத்துப் பெண்டிர் இதற்குக் கைக்கொண்ட மருந்து சீமையகத்தி இலை. வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயருண்டு. மலாய்க்காரர் கெலெங்காங் என்பர். இதனைச் சித்தர் கண்ட மூலிகை என மேடைகளில் முழங்குவோர் உளர். 'சீமை' என்னும் அடைமொழியே அக்கூற்றை மறுக்கின்றது. இச்செடியின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். பிலிப்பைன்ஸ் மக்கள் இதனை அகாபுல்கோ என்றே அழைக்கின்றனர். அது மெக்சிகோ நாட்டுத் துறைமுகத்தின் பெயர். 1565 முதல் 1815 வரை அங்கிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. செடி வந்த வழியை அப்பெயர் சுட்டுகின்றது எனலாம். வந்த செடியின் பயனை நம்மவர் அறிந்துகொண்டது அவர்தம் அறிவுக்குக் குறைவாகாது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டாரா இப்ராகிம், ஹலிம் ஒஸ்மான் ஆகிய இருவரும் இவ்விலையைச் சோதித்து 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். எத்தனால் சாராயத்தில் எடுத்த இலைச்சாரம், தோலைப் பற்றும் பூஞ்சைகளை நன்கு தடுத்தது. பிற பூஞ்சைகளிடம் அதன் ஆற்றல் குன்றியது. பாக்டீரியாவும் நொதியங்களும் அதற்கு அசையவில்லை. டிரைக்கோபைட்டான் வகைகளைத் தடுக்க ஒரு மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் வேண்டியிருந்தது. நாய், பூனை வழியே குழந்தைகளைத் தொற்றும் மைக்ரோஸ்போரம் கேனிஸுக்கு 62.5 மில்லிகிராம் போதுமாயிற்று. ஆக, படர்தாமரைக்கென்றே லயத்தில் இவ்விலையைத் தேடியது பிழையன்று. எனினும் இவை பெரிய அளவுகள். 1950களின் இறுதியில் வழக்குக்கு வந்த கிரிசியோபுல்வின் மருந்தோ மைக்ரோகிராம் அளவிலேயே வேலை செய்யும். இதனை மறைத்துவிட்டு இலையைப் போற்றுவது ஆசிரியர்க்கு அழகன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆய்வுக்கூடம் சோதித்தது எத்தனாலில் எடுத்த சாரத்தை. லயத்து அம்மியில் அரைபட்டதோ பச்சை இலை. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; லயங்கள் கலைந்தன; அரைத்த கைகளுக்கு உரியோர் சிலர் இன்று ஈப்போ நகரைச் சூழ்ந்த குடியிருப்புகளில் எண்பதைக் கடந்து வாழ்கின்றனர். எம் மாணவர் சிலர் அவர்களிடம் கேட்டு எழுதி வருகின்றனர். எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்ததாக ஒரு மூதாட்டி கூறுகின்றார். சுண்ணாம்பு சேர்த்ததாக மற்றொருவர் சாதிக்கின்றார்.