ஓரத்தில் கிழிந்த நூற்றாண்டு

கார்க் கதவிலிருந்து பாட்டுக்குப் பதில் 'கரகர'வென்று சத்தம் வந்தால், கடைக்காரர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்பீக்கர் போயிருச்சு சார், புதுசு போட்டுருங்க." ஸ்பீக்கரில் எது போயிற்று? அதற்கான விடை ஸ்பீக்கரின் வரலாற்றில் இருக்கிறது.

காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்து மின்சாரம் செலுத்தினால் சுருள் அசையும். இந்த அமைப்புக்கு ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874-லேயே காப்புரிமை பெற்றார். பெல்லின் தொலைபேசிக்கு இரண்டு வருஷம் முன்பு. ஆனால் அதை உரக்கப் பேசவைக்கும் ஆம்ப்ளிஃபயர் அன்று கிடையாது. 1915-ல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் சுருளோடு புனலைச் சேர்த்துப் பெருங்கூட்டத்துக்குக் கேட்கவைத்தார்கள். 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் புனலை விட்டுவிட்டுக் காகிதக் கூம்பை நேரடியாகச் சுருளால் அசைத்தார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரும் அதற்குள் வந்திருந்தது. இன்றைய கார் ஸ்பீக்கரும் அடிப்படையில் அதேதான்.

மாறியது காந்தம். ஆரம்பத்தில் பல ஸ்பீக்கர்களில் மின்காந்தம்தான். அதற்கே தனியாக மின்சாரம் தரவேண்டும். பிறகு கோபால்ட் கலந்த அல்நிகோ நிலைக்காந்தம் வந்தது. 1978-ல் ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் மூண்ட சண்டையால் கோபால்ட் விலை எகிற, ஸ்பீக்கர் கம்பெனிகள் மலிவான ஃபெரைட்டுக்கு மாறின. ஃபெரைட் துருப்பிடிக்காது, சாதாரண உபயோகத்தில் வலு குறையாது.

சீக்கிரம் அழிவது கூம்பின் ஓர வளையம். பழைய கூம்புகள் பலவற்றில் காகிதத்தின் ஓரத்தையே மடிப்பு மடிப்பாக வார்த்திருப்பார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் உழைத்தவை உண்டு. 1954-ல் எட்கர் வில்ச்சர் சிறிய பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் எடுத்துக்காட்டினார். அதற்குக் கூம்பு முன்னும் பின்னும் நிறைய அசையவேண்டும், ஓரம் மெத்தென்று இருக்கவேண்டும். எழுபதுகளில் பாலியூரிதேன் ஃபோம் வளையம் பரவலானது. சத்தம் அருமை, ஆயுசு கம்மி. ஈரமும் வெயிலும் அதை அரித்துப் பொடியாக்கும். கார்க் கதவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

ஆகவே தூக்கிப்போடும் முன் இரண்டு சோதனை. மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டினால் சுருள் உயிரோடுதான் இருக்கிறது. இரு கைவிரல்களால் கூம்பைச் சமமாக அமுக்கும்போது உரசல் கேட்கவில்லையென்றால் சுருள் நேராக இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து ஓரம் மட்டும் கிழிந்திருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

பழைய ஃபோமையும் பசையையும் சுத்தமாகச் சுரண்டுங்கள். அதே அளவு வளையம் வாங்குங்கள். கதவுக்கு ரப்பர் நல்லது. நடுமூடியைக் கத்தியால் பிரித்து, சுருளுக்கும் நடு இரும்புக்கும் இடையே பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகுங்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுருள் கொஞ்சம் சாய்ந்தாலும் மறுபடி கரகரப்புதான். காய்ந்தபின்னும் வளையும் பசையே வேண்டும், ஃபெவிக்விக் போல இறுகுவது ஆகாது. ஒரு நாள் காயவிட்டு, பிலிமை உருவி, மூடியை ஒட்டுங்கள்.

சுருளே கருகியிருந்தால் ரீகோன் செய்பவரிடம்தான் போகவேண்டும். அந்தக் கை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். 1925-ல் இருவர் செய்த அமைப்பு இன்னும் பழுதாகவில்லை. பிறகு சேர்த்த ஒரு வளையத்துக்காக அது முழுதாகக் குப்பைக்குப் போகிறது.