மண்ணெண்ணெய்க் காலத்தில் ஒரு கிளச்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் ஆகிய பழைய கார்களை இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணலாம். வெளியூரிலிருந்து வருவோர் அவற்றின் அருகே நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். எனக்கோ அவற்றைக் காணும்போதெல்லாம், சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து கிடந்தபடி வேலை செய்த ஒரு மெக்கானிக்கின் கரிபடிந்த கைகளே நினைவுக்கு வருகின்றன.

இக்கார்கள் எவ்வாறு நம்மிடையே நிலைத்தன என்பதை முதலில் நோக்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனம் உருவாகியதைத் தொடர்ந்து, மொறிஸ் மைனருக்கு ஒஸ்ரினின் 803 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. 1956இல் அது 948 சி.சி. ஆகவும், 1962இல் 1098 சி.சி. ஆகவும் வளர்ந்தது. இலங்கையில் 1960களில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. இருந்ததைப் பழுதுபார்த்து ஓடுவது என்ற பழக்கம் நாடு முழுவதற்கும் பொதுவானதாயிற்று. போர் அப்பழக்கத்தைப் பிறப்பிக்கவில்லை; அதன் எல்லை வரை கொண்டு சென்றது.

எங்கள் ஐயா வாங்கிய மொறிஸ் மைனரின் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அதாவது, 1958இல் வடக்கைக் கொந்தளிக்கச் செய்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு முந்திய கார் அது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானியக் கார்கள் வந்திறங்கிய போதிலும் ஐயா அதனை விற்கவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் என்பன பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் சூடேறிய பின் மண்ணெண்ணெயிலும் ஓடக்கூடியவை. ஆதலால், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை வழக்கத்துக்கு வந்தது. புகை கக்கியபடி அக்கார்கள் ஓடியதைப் பலரும் எழுதியுள்ளனர். ஆயினும், அந்த மண்ணெண்ணெய் கிளச்சை எவ்வாறு தின்றது என்பதை எழுதியோர் குறைவு.

கிளச் என்பது எளிய பொருள். எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரத்துக்கும் சுருள் வில்களால் அழுத்தப்படும் தட்டுக்கும் இடையே, இருபுறமும் லைனிங் பதித்த ஒரு பிளேற் நெரிபடுகின்றது. எங்கள் காரில் அதன் விட்டம் ஆறேகால் அங்குலம் மாத்திரமே. அது உலர்ந்திருக்கும் வரைதான் பிடிக்கும். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அந்த எஞ்சினின் பின்புறத்தில் ஒயிலைத் தடுக்க றபர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் ஒரு திருகுப்புரி மட்டுமே உண்டு. நீர்த்த ஒயில் அதனைக் கடந்து கிளச்சில் படியும், பிளேற் வழுக்கும். போதாக்குறைக்கு, பற்றறி இல்லாமையால் நாள்தோறும் காரைத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளச்சைத் திடீரென விட்டே எஞ்சினை இயக்கினோம். ஒவ்வொரு காலையும் அச்சிறு பிளேற்றுக்கு ஓர் அடி விழுந்தது.

எங்கள் கார் 1993இல் வழுக்கத் தொடங்கியபோது அந்த மெக்கானிக்கிடம் கொண்டுசென்றோம். காரின் உள்தரை மூடியைக் கழற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ற்றைப் பிரித்து, கியர் பொக்ஸை இறக்கினார். புதிய பிளேற் கிடைக்க வழியில்லை. லொறி ஒன்றின் பழைய பிறேக் லைனிங்கை அரத்தால் இழைத்து மெலிதாக்கி, துண்டுகளாக வெட்டிப் பதித்தார். றிவெற் செய்வதற்குச் செப்பு வேண்டும். மின்சாரம் வராத ஊரில் பயனற்றுக் கிடந்த தடித்த மின்வயரை உரித்து அதனைப் பெற்றார். பெடலை மிதிக்கும்போது அழுத்தத்தைக் கொடுக்கும் கரிவளையம் தேய்ந்திருந்தது. உடைந்து கிடந்த கார்களில் கழற்றி வைத்திருந்த வளையங்களுள் தடிப்புக் கூடியதைத் தெரிந்து மாட்டினார். பிளேற்றை நடுவில் நிறுத்த, பழைய கியர் பொக்ஸ் ஒன்றின் ஷாஃப்ற்றே அவருக்கு அளவுகோல்.

"தம்பி, கிளச்சில கால் வைச்சுக்கொண்டு ஓடாதை. கரி தேஞ்சா என்னட்டை வேறை இல்லை" என்றார்.

லைனிங் தூசியை அவர் வாயால் ஊதி அகற்றியது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அக்கால லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அத்தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அன்று கராஜில் நின்ற எங்களில் ஒருவரும் அதனை அறியோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். நடக்க இயலாத அப்பாச்சியைக் காரின் பின் ஆசனத்தில் கிடத்தியிருந்தோம். நாவற்குழி செல்லும் வீதியில் சனத்திரளின் நடுவே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. முதலாம் கியரில், கிளச்சைப் பாதி மிதித்தபடி சென்றால் சில மணி நேரத்தில் லைனிங் கருகிவிடும் என்பதை ஐயா உணர்ந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நானும் தம்பியும் அயலவர் இருவரும் விடியும் வரை காரைத் தள்ளினோம். வாகனம் இருந்தும் நடந்தே சென்றோம். ஆனால் கிளச் தப்பியது. பின்வந்த வாரங்களில் அப்பாச்சியை மட்டுமன்றி, அயலிலிருந்த வேறு நோயாளரையும் சாவகச்சேரி வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றது அக்காரே.

இதே 1990களில் தென்னிலங்கையில் தனபால சமரசேகர என்பவர், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயருடன் இணைந்து, மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது நெடுநேரம் சிந்தித்தேன். ஒரே தீவில் ஒரே காருக்காக இரு இடங்களில் கைகள் உழைத்தன. அங்கு செய்த பாகம் கடல் கடந்தது. ஆனையிறவைக் கடக்க அதற்கு வழியிருக்கவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து வந்தவர்கள் பழைய கார்களுக்கு விலை பேசினர். எங்கள் காரும் அவ்வாறே போயிற்று. வாங்கியவர் அதன் நிறத்தையும் ஆசனங்களையும் பார்த்தார். கிளச்சைக் கழற்றிப் பார்க்கவில்லை. மின்வயரில் செய்த செப்பு றிவெற்றுகள் அப்போதும் அதனுள் இருந்தன. அவற்றை அடித்த மனிதர் எதனையும் எழுதி வைத்தவரல்லர். பொருளாதாரத் தடையின் வரலாற்றை எழுதுவோர் அறிக்கைகளையும் பட்டியல்களையும் தேடுவர், அது தேவையே. அக்கராஜ்களின் கதையும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கு பதிந்து வைக்கின்றேன்.